பங்கும் பரதேசியும்

ஒருவர் ஓர் ஊரைச் சேர்ந்தவர் என்று சொல்லப்படும்போது, அந்த உறவு அவருடைய குருதிவழியில் தோன்றுகிறதா, அவர் அங்கே குடியிருப்பதால் உண்டாகிறதா, அல்லது ஊரார் கூடி நிறைவேற்றும் ஒரு சடங்கினால் அமைகிறதா என்னும் வினா, சமூகவியலுக்கு உரியது போலத் தோன்றினும், இங்கிலாந்தின் சிற்றூர்களைப் பொறுத்தவரை அது நெடுங்காலம் இறையியல் வினாவாகவே இருந்து வந்துள்ளது. அந்நாட்டில் 'பாரிஷ்' எனப்படும் திருச்சபை வட்டம், தமிழ்க் கத்தோலிக்கர் 'பங்கு' என்றும் திருநெல்வேலிப் பகுதிச் சீர்திருத்தச் சபையினர் 'சேகரம்' என்றும் வழங்கும் அமைப்புக்கு ஏறத்தாழ நிகரானது. ஆனால் 1601ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்துக்குப் பின் வரி தண்டுவதும் ஏழைகளைப் பேணுவதும் அதன் கடமைகளாகவே, வழிபடும் சபையும் ஆளப்படும் ஊரும் ஒரே எல்லைக்குள் அமைந்தன.

இன்று தம் முன்னோரைத் தேடி அத்தகைய ஊர்களுக்குச் செல்வோர் முதலில் நாடுவது பங்கின் பதிவேட்டையே. எட்டாம் ஹென்றியின் அமைச்சரான தாமஸ் குரோம்வெல் 1538இல் பிறப்பித்த ஆணையின்படி, ஒவ்வொரு பங்கின் குருவும் தம் எல்லைக்குள் நிகழ்ந்த திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஞாயிறுதோறும் எழுதி, இரு பூட்டுகள் கொண்ட பெட்டியில் அந்த ஏட்டைப் பாதுகாக்க வேண்டியிருந்தது. இங்கே கருதத்தக்கது, அந்த ஏட்டில் பிறப்பு என்றொரு பகுப்பு பொதுவாக இல்லை என்பதே: குழந்தை உலகுக்கு வந்த நாள் அல்ல, நீரால் சபைக்குள் சேர்க்கப்பட்ட நாளே எழுதப்பட்டது. குழந்தைத் திருமுழுக்கை மறுத்த பாப்டிஸ்டுகளும், திருமுழுக்குச் சடங்கையே ஏற்காத குவேக்கர்களும் அதே மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் திருமுழுக்குப் பகுப்பில் இடம்பெறாமல் போனதற்குக் காரணம் இதுவே. குருதிவழியைத் தேடுவோர் கையில் எடுக்கும் ஆவணம், குருதியைப் பொருட்படுத்தாத ஓர் இறையியலின் விளைவு என்பதைத் தேடுவோருள் எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

அந்த இறையியலின் பெருந்தன்மை நடைமுறையில் எப்போதும் வெளிப்பட்டது என்று கொள்வதற்கில்லை. 1662ஆம் ஆண்டின் குடியமர்வுச் சட்டம், ஆண்டுக்குப் பத்துப் பவுனுக்குக் குறைந்த வாடகையில் குடியேறிய புதியவர் பிற்காலத்தில் பங்கின் உதவிப் பணத்தை நாடக்கூடும் எனக் கருதப்பட்டால், நாற்பது நாளுக்குள் முறையீடு செய்து, இரு நீதிபதிகளின் ஆணையால் அவரை அவருடைய பழைய பங்குக்கே திருப்பியனுப்ப இடம் தந்தது. மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தை பிறந்த இடத்திலேயே உரிமை பெற்றுவிடும் என்னும் பொது விதி நெடுங்காலம் இருந்தமையால், கருவுற்ற ஏழைப் பெண்களைப் பேறுகாலத்துக்கு முன்பே எல்லை கடத்திவிட ஊர் அதிகாரிகள் விரைந்தனர். சிற்றூரின் அன்னியோன்னியத்தைப் புகழ்ந்து எழுதுவோர் இந்த விரைவையும் அதன் பகுதியாகவே கொள்ள வேண்டும்; தன் வறியோரைக் கைவிடாத ஊரும் பிறர் வறியோரை விரட்டிய ஊரும் ஒன்றே.

ஆனால் உயிருள்ளோரிடம் காட்டிய இந்தக் கணக்கை அப்பங்கு இறந்தோரிடம் காட்டவில்லை. இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, அதாவது நெடுங்கால வழக்கால் நிலைபெற்ற சட்டப்படி, பங்கின் எல்லைக்குள் குடியிருப்பவரும், அவ்வெல்லைக்குள் இறக்க நேர்ந்தவரும், தேவாலயத்தைச் சூழ்ந்த கல்லறை நிலத்தில் இடமிருக்கும் வரை அங்கே அடக்கம் செய்யப்படும் உரிமை உடையவர் ஆவர். 1662ஆம் ஆண்டின் பொது வழிபாட்டு நூல் திருமுழுக்குப் பெறாதவருக்கும் தற்கொலை செய்துகொண்டவருக்கும் அடக்க வழிபாட்டை மறுத்ததையும், வேற்றுச் சபையினர் தம் முறைப்படி அங்கே அடக்கச் சடங்கு செய்ய 1880ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்ததையும் மறந்துவிட முடியாது. எனினும் அடக்க நிலத்துக்கான உரிமை வம்சத்தைச் சாரவில்லை என்னும் கொள்கை நிலைத்தது. அதன்படி, சாலையோரத்தில் நேற்றிரவு இறந்த நாடோடிக்கு அம்மண்ணில் உரிமை உண்டு; பத்துத் தலைமுறையினர் அங்கே உறங்கினாலும், வேற்றூரில் வாழ்ந்து வேற்றூரில் இறக்கும் வழித்தோன்றலுக்கு வம்சத்தின் பெயரால் உரிமை ஏதும் இல்லை, இசைவு மட்டுமே கிடைக்கக்கூடும்.

சாமர்செட் மாவட்டத்தில், யோவில் நகருக்கு அருகிலுள்ள ஈஸ்ட் கோக்கர் என்னும் சிற்றூர் இவ்வினாவைக் கூர்மையாக்குகிறது. கவிஞர் டி. எஸ். எலியட்டின் முன்னோரான ஆண்ட்ரூ எலியட் 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவ்வூரை விட்டு மாசசூசெட்ஸுக்குச் சென்றார். 1692இல் சேலம் நகரின் சூனிய வழக்குகளில் நடுவர் குழுவில் அமர்ந்து, பின்னர் அதற்காக வருத்தம் தெரிவித்துக் கையொப்பமிட்டவர்களுள் ஒருவராகவும் ஆனார். அவர் சென்றடைந்த நாடு, ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சடங்குமயமானது என வெறுத்த தூய்மைவாதிகள் நிறுவிய நாடு. காலப்போக்கில் அக்குடும்பம் அதனினும் விலகி, கடவுளின் மூவொரு தன்மையை ஏற்காத யூனிட்டேரியன் சபையைச் சேர்ந்தது. 1888இல் செயின்ட் லூயிஸில் பிறந்த கவிஞர் 1927இல் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். அதே ஆண்டு ஜூனில், ஆக்ஸ்போர்டுஷயரின் ஃபின்ஸ்டாக் என்னும் மற்றொரு சிற்றூர்த் தேவாலயத்தில், கதவை அடைத்துக்கொண்டு, முப்பத்தெட்டு வயதில் திருமுழுக்குப் பெற்றார். முன்னோர் ஊரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட கவிதையை 1940இல் வெளியிட்டார். 1965இல் லண்டனில் இறந்த அவருடைய சாம்பல், ஈஸ்ட் கோக்கரின் தூய மிக்கேல் தேவாலயத்தில் வைக்கப்பட்டது.

இதனை வேருக்குத் திரும்புதல் எனச் சுருக்கிச் சொல்வது எளிது, ஆனால் பொருந்தாது. எலியட்டைத் திருச்சபைக்குள் சேர்த்தது, அவருடைய வம்சத்துக்குத் தொடர்பில்லாத ஊரில் ஊற்றப்பட்ட நீர். வம்சம் அவருக்குத் தந்தது ஒரு நினைவை மட்டுமே, அதுவும் அந்தத் திருச்சபையை விட்டு விலகிச் சென்றவர்களின் நினைவை. எனவே, குருதி எதையும் உரிமையாக்காது; எங்கே போய் நிற்பது என்ற திசையை வேண்டுமானால் காட்டக்கூடும் என்று கொள்வதே பொருத்தம். 1943இல் லண்டனில் இருந்தபடி வேரூன்றுதலைப் பற்றி எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் சீமோன் வெய்ல், வேர் என்பதை ஒரு சமூகத்தின் வாழ்வில் உண்மையாகப் பங்கேற்பதுடன் இணைத்து விளக்கினார். அவ்விளக்கத்தின்படி, ஞாயிறுதோறும் மணிக்கயிற்றை இழுக்கும் புதுக்குடியேறியே, பதிவேட்டைப் புரட்டிவிட்டு மாலை ரயிலில் திரும்பும் வாரிசை விட வேருடையவர் ஆவார். அப்படியானால் வாரிசுக்குக் கண் கலங்குவது ஏன் என்ற கேள்வியை வெய்லின் விளக்கம் தீர்ப்பதில்லை.

'பாரிஷ்' என்னும் சொல்லின் பிறப்பு இங்கே ஒரு வெளிச்சம் தருகிறது. அதன் மூலமான 'பரோய்க்கியா' என்னும் கிரேக்கச் சொல், சொந்தமல்லாத இடத்தில் அயலாராகத் தங்கியிருத்தலைக் குறிப்பது; பேதுருவின் முதல் நிருபத்தில் அச்சொல் வரும் இடத்தைப் பழைய தமிழ் வேதாகமம் பரதேசிகளாய்ச் சஞ்சரித்தல் எனப் பெயர்த்தது. விண்ணுலகமே தாயகம் எனக் கருதிய தொடக்க காலக் கிறித்தவர் தம் சபைகளுக்கு இட்ட பெயர், நாளடைவில், எவரும் எங்கும் பெயராத நிலைத்த ஊருக்கே பெயராகிவிட்டது. தமிழில் 'பங்கு' என்றால் பகிர்ந்து பெறும் கூறு. ஆங்கிலச் சொல்லின் அடியில் கிடப்பதோ எதிலும் கூறில்லாதவரின் நிலை.

ஈஸ்ட் கோக்கர் தேவாலயத்தில் எலியட்டுடன் மற்றொருவருக்கும் நினைவுச்சின்னம் உண்டு. 1651இல் அவ்வூரில் பிறந்து, உலகை மும்முறை சுற்றிவந்த கடலோடி வில்லியம் டாம்பியர் அவர். ஊரில் பிறந்த அவர் லண்டனில் இறந்தார், அவருடைய கல்லறை எங்கே என்று தெரியவில்லை. ஊரில் பிறவாத மற்றவரின் சாம்பல் அங்கே இருக்கிறது. ஞாயிறு வழிபாட்டுக்கு வருவோர் இருவரையும் தம் ஊராராகவே கொள்கின்றனர்.