அமானிதம் யாருக்கு உரியது?

 

சன்மார்க்கச் சொற்பொழிவில் பந்தாட்டப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். யாரை ஆட விடுகிறோம், யாரிடம் பொறுப்பை ஒப்படைக்கிறோம் என்பது மைதானத்திலும் உள்ள கேள்வி; நம் கடைகளிலும் உள்ள கேள்வி. ஆகவே கவனியுங்கள்.

அமெரிக்காவில் 1947ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பினத்தவர் உயர்தர பேஸ்பால் ஆட்டத்தில் இடம்பெற்றார். ஆனால், அந்த ஆட்டத்தில் ஒரு குழுவை நடத்தும் பொறுப்பு கறுப்பர் ஒருவருக்கு, ஃபிராங்க் ராபின்சனுக்கு, கிடைத்தது 1975ல்தான். இடையே 28 ஆண்டுகள்! ஓடவும் அடிக்கவும் அவர்களுடைய கைகால்கள் வேண்டியிருந்தன. உத்தரவிட அவர்களுடைய அறிவு வேண்டியிருக்கவில்லை. அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத்தில் 2003ல் ஒரு விதி வந்தது. தலைமைப் பயிற்சியாளரைத் தேடும் குழு, சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது அழைத்துப் பேட்டி காணவேண்டும் என்றது அன்றைய அந்த விதி. வேலை கொடுத்தே தீரவேண்டும் என்பதல்ல. கூப்பிட்டுத் தகுதியை விசாரி என்பதுதான். அதற்கே ஒரு விதி தேவைப்பட்டது!

நம் மார்க்கமோ இதை என்றோ தீர்த்துவைத்தது. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற ஜைத் (ரலி) அவர்களின் மகனார் உஸாமா (ரலி). தாயார் அபிசீனிய நாட்டவர். இருபது வயதையொட்டிய அந்த இளைஞரைப் பெரும் படைக்குத் தளபதியாக நியமித்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். மூத்த ஸஹாபாக்கள் அவருடைய ஆணையின் கீழ்! சிலர் முணுமுணுத்தனர். இவருடைய தந்தையும் தகுதியுடையவரே, இவரும் தகுதியுடையவரே என்று நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். அவர்கள் மறைந்தபின் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் அந்த நியமனத்தை மாற்றவில்லை. உஸாமா குதிரைமீதிருக்க, தாம் நடந்தே சென்று வழியனுப்பினார்கள்.

வேலைக்கு ஆள் எடுக்கும் அளவுகோலையும் இறைமறை காட்டுகிறது. மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்தும்படி தந்தையிடம் பரிந்துரைத்த பெண், அவரிடம் கண்டவை இரண்டு: வலிமை, நாணயம். குலம் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.

நம் மலேசியாவிலும் சான்று உண்டு. கே. இராஜகோபால் அவர்களின் பயிற்சியில் 2009ல் நம் இளைஞர் அணி தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது. 1989க்குப் பின் கிடைத்த தங்கம் அது. 2010ல் இந்தோனேசியாவை இரு ஆட்டங்களில் 4-2 என வென்று, தென்கிழக்காசியக் கோப்பையை முதன்முறையாகக் கொண்டுவந்தது தேசிய அணி. ஒரு தமிழரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். வெற்றி நாட்டார் அனைவருக்கும் கிடைத்தது. நம் ஜொகூர் அணியும் 2015ல் ஏ.எஃப்.சி. கோப்பையை வென்றபோது பயிற்றுவித்தவர் அர்ஜென்டினா நாட்டவர். திறமைக்காக அவ்வளவு தூரத்திலிருந்து ஆளை அழைக்கலாமென்றால், பக்கத்துத் தெருவில் இருக்கும் திறமையைக் கண்டுகொள்ளாதிருப்பது என்ன நியாயம்?

இனி நம்மைப் பார்ப்போம். சங்கங்களிலும் உத்தியோகங்களிலும் நம் பிள்ளைகளை ஒதுக்குகிறார்கள் என்று குறைப்படுகிறோம். ஆனால் நம் கல்லாவில் உட்காருபவர் யார்? மச்சான், மருமகன், ஊர்க்காரர். பத்தாண்டுகள் மூட்டை சுமந்த வேற்றினத்துப் பையனிடம் கணக்குப் புத்தகத்தை என்றாவது காட்டினோமா? சுமக்க அவன் தோள் போதும், நடத்த அவன் அறிவு வேண்டாம் என்றால், அந்த 28 ஆண்டுகளுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

வெளியாள் ஏமாற்றிவிட்டால் என்பீர்கள். சொந்தக்காரர் ஏமாற்றி முதலிழந்த கடைகள் இல்லையா? இரத்தத்தை நம்பாதீர்கள், நாணயத்தைச் சோதியுங்கள். கடையிலோ விளையாட்டுக் கழகத்திலோ அடுத்த இடம் காலியாகும்போது, நம்மவர் அல்லாத ஒருவரையாவது அழைத்து அவருடைய தகுதியைக் கேளுங்கள். உங்கள் உறவினரே மேலானவராயின், தயங்காமல் அவரையே நியமியுங்கள். பொறுப்பு என்பது அமானிதம்; அதை உரியவரிடம் சேர்த்தோமா என்ற கேள்வி மறுமையில் உண்டு.

தகுதியறிந்து நீதி செலுத்தும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.