ஏடு யாருடையது?

உழைப்பவனின் வரலாற்றைப் பேணிப் பகிர்வது பொழுதுபோக்கா, கடமையா?

கோலார் தங்கவயல் 1880களில் பெருந்தொழிலாக வளர்ந்து, 2001 பெப்ரவரியில் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கியோரில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர். வெட்டிய தங்கம் அவுன்ஸ் கணக்கில் ஏடேறிற்று. வெட்டியவன் வாழ்வோ பெரும்பாலும் குடும்பத்தின் நினைவிலேயே தங்கிற்று.

அதே வறுமை வேறு தமிழரைக் கடல் கடத்தி ஊவா மலைகளுக்கு அனுப்பிற்று. இங்கே கொழுந்தின் இறாத்தல் கணக்கு பிசகவில்லை. ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், "உன் தந்தை இந்நாட்டில் பிறந்தமைக்குச் சான்று எங்கே?" என்று கேட்டபோது, லயத்து மனிதர் பலரிடம் காட்டுவதற்கு ஏடில்லை. அவர்கள் நாடற்றோராயினர்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் அபாயமானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கோப்பில் இருந்தது. மக்கள் லயத்திலேயே இருந்தனர்.

"வரலாறு சோறு போடுமா?" என்பர் சிலர். போடாதுதான். எனினும், எண்ணிக்கையாக மட்டுமே எழுதப்பட்ட மனிதனின் உரிமையை மறுப்பதும் உயிரைப் புறக்கணிப்பதும் ஆள்வோர்க்கு எளிது என்பதை இம்மலை காட்டிவிட்டது.

ஆகவே ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. யார் எங்கிருந்து வந்தனர், எந்த லயம் எப்போது எழுந்தது, எச்சரிவில் மண் பிளந்தது என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதுக. ஒரு படி பாடசாலையில் இருக்கட்டும், ஒன்று லயத்தில், மற்றொன்று மலைக்கு அப்பாலுள்ள நூலகத்தில். ஓரிடத்தில் மட்டும் உள்ள ஏட்டை ஒரு மண்சரிவே அழித்துவிடும்.