தாளாளர் வீட்டு மாம்பழக் கூடை

 

ஜமாஅத்தார் பள்ளிக்கூடத் தாளாளர் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்தபோது, இதில் என்ன சிரமம் வந்துவிடப் போகிறது என்றே எண்ணினோம். சம்பளப் பட்டியலில் கையொப்பமிடுவதும், ஆண்டு விழாவில் முன்வரிசையில் அமர்வதும்தானே! (அந்த நாற்காலிக்காகவே பதவி தேடுவோரும் உண்டு.)

போன கோடையில் ஓர் ஆசிரியை இடம் காலியாயிற்று. விண்ணப்பித்திருந்த பெண்ணின் தகப்பனார், நாம் இல்லாத நேரம் வந்து, "ஹஜ்ரத் வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடட்டும்" என்று ஒரு கூடை மாம்பழம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாம் அஸர் தொழுது திரும்புவதற்குள் இரண்டு பழங்கள் தீர்ந்துவிட்டன.

பனூ ஸுலைம் கூட்டத்தாரிடம் ஸக்காத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா (ரலி) அவர்களின் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. வசூலைக் கொண்டுவந்து வைத்து, 'இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு' என்று அவர் பிரித்துக் காட்டினார். நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தாய் தந்தையர் வீட்டிலேயே இருந்திருந்தால் இது அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். நாம் தாளாளராக இராவிட்டால் அந்தக் கூடை நம் வாசலுக்கு வந்திருக்குமா?

பிள்ளைகளைச் சேர்க்கக் கட்டாய நன்கொடை வாங்கலாகாதென்று தமிழ்நாட்டில் 1992-இல் சட்டமே வந்தது. ரசீதில்லாத மாம்பழம் எந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும்?

கடைவீதியில் இரண்டு பழம் வாங்கிச் சேர்த்து, கூடையை நாமே சுமந்துபோய்க் கொடுத்தோம். அவர் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் என் மகளுக்கு வேலை இல்லையா, ஹஜ்ரத்?" என்றார்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. நேர்காணலன்று கரும்பலகையில் பின்னக் கணக்கை அந்தப் பெண் விளக்கியதுபோல் வேறெவரும் விளக்கவில்லை. கொடுத்தால் 'மாம்பழம் வேலை செய்தது' என்று ஊர் பேசும். மறுத்துவிட்டால் நம் பெயருக்குக் களங்கமில்லை. மறுத்துவிடத்தான் மனம் தூண்டியது, மறைப்பானேன்! ஆனால் அமானிதங்களை உரியவரிடமே சேர்க்கும்படி திருமறை 4:58-இல் அல்லாஹ் கட்டளையிடுகிறான். நம் பெயரைக் காப்பாற்ற அவருடைய உரிமையைப் பறிப்பதும் மோசடியல்லவா?

நிர்வாகக் குழுவிடம் தின்ற இரண்டு பழம் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வெளியே வந்து அமர்ந்துகொண்டோம். அவர்கள் அந்தப் பெண்ணையே தேர்ந்தெடுத்தார்கள்.

பொறுப்பிலிருப்போர் வீட்டுப் பெண்மணிகளே! வாசலில் வைத்ததை உள்ளே எடுக்குமுன், யார், எதற்கு என்று கேளுங்கள். நம் வீட்டில் இப்போது கேட்கிறார்கள். அந்தத் தகப்பனார் பள்ளிவாசலில் கண்டால் ஸலாம் சொல்கிறார். வீட்டுப் பக்கம் மட்டும் வருவதில்லை.