போயிட்டு வரேன்

தம்பி வெளிநாட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் புதுக்கோட்டை மாவட்டத்தில் பல அக்காமார்களுக்குப் பழகிய நாள். வற்றாத ஆறு ஒன்றுகூட ஓடாத, கண்மாய் பெருகினால்தான் வயல் விளையும் மண் இது. பிழைப்புக்குக் கடல் கடப்பது இங்கே நெடுநாள் வழக்கம். திருமயம், பொன்னமராவதிப் பக்கத்து நகரத்தார் ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் அங்குள்ள வட்டிக்கடைகளில் மூன்றாண்டுத் தவணையில் இருந்தார்கள். பின்னாளில் நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் பலர். இன்றைக்குத் திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. கீரனூர் தாண்டினால் சிறிது நேரத்தில் வாசல் வந்துவிடும்.

கிளம்புவதற்கு முந்தைய அந்த நாள் கோயிலில் தொடங்கும். கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில், 30 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரையோடு இருக்கும் சாமியின் பெயர் பெருங்காரையடி மீண்ட அய்யனார். ஊரை விட்டுக் கிளம்புகிறவருக்கு, பெயரிலேயே ‘மீண்ட’ என்றிருக்கும் சாமி பெரிய தெம்பு.

அடுத்தது பெட்டி கட்டுவது. தூக்குத் தராசில் முள் 30 கிலோவைத் தாண்டியதும் ஊறுகாய் பாட்டிலை அக்கா வெளியே எடுத்து வைப்பார். சற்று நேரத்தில் அம்மா அதைச் சட்டைகளுக்கு நடுவே செருகியிருப்பார். இரண்டு ஜீன்ஸ் கட்டிலுக்கு வந்திருக்கும். ஆதனக்கோட்டை வறுத்த முந்திரிக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடும்.

இந்த நாளின் முக்கியமான வேலை மாலையில், அக்காவும் தம்பியும் தனியாக உட்காரும் ஒரு மணி நேரத்தில் நடக்கிறது. அம்மாவின் சர்க்கரை மாத்திரை எந்தக் கடையில் கிடைக்கும், அடகு நகையை எந்தத் தேதிக்குள் திருப்ப வேண்டும், தோட்டத்து மோட்டார் மக்கர் செய்தால் ஸ்டார்ட்டர் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதுவரை தம்பிக்கு மட்டுமே தெரிந்தவை. அவற்றை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அக்கா கேட்டுக்கொள்கிறார். பிறந்த வீட்டில் தம்பி பார்த்துவந்த பொறுப்பு கைமாறுகிறது. இவற்றைச் சொல்லாமல் போனால், பிறகு நடுராத்திரித் தொலைபேசியில்தான் கேட்டறிய வேண்டியிருக்கும்.

ஊர் திரும்பும் தேதியும் பெரும்பாலும் அந்தப் பேச்சிலேயே முடிவாகிறது. அக்கா பிள்ளைக்குத் தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமனுக்கு லீவு கிடைக்கும் மாதத்தைப் பார்த்தே நாள் குறிக்கிறார்கள். கிளம்பும்போது யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, ‘போயிட்டு வரேன்க்கா’ என்று சொல்லிவிட்டுத் தம்பி காரில் ஏறுகிறார்.