பட்டில் எழுதினால் கைவேலையா?

ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் எமிலி காமே உங்வாரே 80 வயதை நெருங்கும்போதுதான் கேன்வாஸில் வண்ணம் தொட்டார். 1994இல் அவர் தீட்டிய ஓவியம் ஒன்று 2017இல் 21 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு ஏலம் போனது. மேதை என்றார்கள். அதற்கு முன் சுமார் 10 ஆண்டுகள் அதே மூதாட்டி மத்திய ஆஸ்திரேலியாவின் உட்டோபியாவில் மண்தரையில் அமர்ந்து துணியில் பாட்டிக் செய்துகொண்டிருந்தார். அதற்குக் கைவேலை என்று பெயர்.

எது கடினம்? பாட்டிக்கில் உருகிய மெழுகால் கோடு இழுக்க வேண்டும். கை தயங்கினால் மெழுகு சொட்டிவிடும்; அழிக்க வழியில்லை. சாயத்தில் முக்கினால் மெழுகு மூடிய இடம் மட்டும் பழைய நிறத்தில் நிற்கும். அடுத்த நிறத்துக்கு மறுபடியும் மெழுகு. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்க வேண்டும், அதுவும் பாலைவன வெயிலில். ஆக, கலை என்ற பட்டத்தை மறுத்ததற்குத் திறமைக் குறைவு காரணமல்ல.

“பாட்டிக் ஜாவாவின் தொழில், பழங்குடிகளுடையது அல்ல” என்பார்கள். உண்மைதான். 1971இல் எர்னபெல்லா என்ற பழங்குடிக் குடியிருப்பின் பெண்களிடம் அது வெளியிலிருந்தே வந்தது. 1975இல் அவர்களில் மூவர் ஜாவாவின் யோக்யகர்த்தாவுக்கே போய்க் கற்றார்கள். ஆனால் அதே 1971இல் பாப்புன்யா என்ற இன்னொரு குடியிருப்பின் ஆண்கள் கைக்கு வந்த அக்ரிலிக் வண்ணம் மட்டும் பாலைவனத்தில் விளைந்ததா? அதை மாபெரும் கலை இயக்கத்தின் பிறப்பு என்று எழுதினார்கள். ஒரே ஆண்டு, இரண்டு இரவல் பொருள்கள், இரண்டு தீர்ப்புகள். துணி பெண்ணுக்கு, துணி உடுப்புக்கு, ஆகவே துணி கீழே. பிறப்பைப் பார்த்துத் தட்டு வைக்கும் புத்திதான் இங்கே பொருளைப் பார்த்துத் தட்டு வைக்கிறது. அதை ரசனை என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது.

1988இல் உட்டோபியாக் கலைஞர்கள் 88 பட்டுத்துணிகளில் பாட்டிக் எழுதினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கேன்வாஸ் வந்தது; அதோடு கலை என்ற பட்டமும் வந்தது. அந்தச் சில மாதங்களில் எந்தப் பெண்ணின் அறிவு வளர்ந்துவிட்டது?

சடங்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவுல்யே என்னும் பெண்கள் சடங்கில் மார்பிலும் தோளிலும் எழுதும் கோடுகளை மதிக்கிறேன். இன்னின்ன நிலத்துக்கு இன்னார் பொறுப்பு என்று தலைமுறைகளாகக் காத்துவந்த அறிவு அவற்றில் இருக்கிறது. பட்டில் ஏறியதும் அந்த அறிவுதான். 1979இல் நில உரிமை விசாரணை வந்தபோது, கைகளில் மெழுகுக் கறை படிந்த அந்த உட்டோபியாப் பெண்கள் தங்கள் நிலத்தைத் தாங்களே பாடியும் ஆடியும் காட்டினார்கள். நிலம் அவர்கள் சமூகத்துக்கே திரும்பி வந்தது.