முன்னோரின் பெட்டியைத் திறக்கலாமா?

இறந்துபோனவர்களின் திருமணத்தையும் பிரிவையும் அவர்கள் விட்டுச்சென்ற காகிதங்களில் தேடிப் படிக்க நமக்கு உரிமை இருக்கிறதா? அவர்களால் மறுத்துப் பேச முடியாது. 'செத்தவங்களப் பத்தி இப்ப எதுக்குக் கிளறணும்?' என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. இந்தக் கேள்வியைக் காகிதத்துக்குப் பஞ்சமில்லாத ஒரு விக்டோரியா காலக் குடும்பத்தை வைத்து யோசிக்கிறேன். நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸின் குடும்பம் அது.

டிக்கன்ஸும் கேத்தரினும் 1836-இல் மணந்தார்கள். 22 ஆண்டுகள், பத்துப் பிள்ளைகள். 1858-இல் பிரிந்தார்கள். லண்டனில் விவாகரத்து நீதிமன்றம் தொடங்கிய அதே ஆண்டு. புதிய சட்டப்படி, மனைவியின் கள்ள உறவை நிரூபித்தாலே கணவனுக்கு விவாகரத்து கிடைக்கும். மனைவியோ கணவனின் கள்ள உறவோடு கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொரு குற்றத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். இவர்கள் நீதிமன்றம் போகாமல் பத்திரம் எழுதிப் பிரிந்தார்கள். கேத்தரினுக்கு ஆண்டுக்கு 600 பவுண்டு. மூத்த மகன் மட்டும் தாயோடு போனார். மற்ற பிள்ளைகள் தந்தையோடு இருந்தார்கள். கேத்தரினின் தங்கை ஜார்ஜினாவும் அக்காள் கணவரின் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

டிக்கன்ஸ் 1869-இல் எழுதிய உயிலில் முதல் தொகை, 1,000 பவுண்டு, எல்லென் டெர்னன் என்ற நடிகைக்குப் போகிறது. ஜார்ஜினாவுக்கு 8,000. மனைவிக்கும் 8,000 உண்டு, ஆனால் கையில் இல்லை. இரண்டு மகன்கள் அதை முதலீடு செய்து, வருமானத்தை மட்டும் அவருடைய ஆயுள்வரை கொடுக்க வேண்டும். நான்கு சதவீதம் என்று கணக்குப் போட்டாலும் ஆண்டுக்கு 320 பவுண்டுதான். அதுவரை வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். போதாததற்கு, மனைவிக்கு 600 பவுண்டு கொடுத்துவந்ததையும், பெரிய குடும்பத்தின் செலவு முழுக்கத் தன் தலையில் விழுந்ததையும் உயிலிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

நான் பொறியாளன். வேலையில் தினமும் லாக் படிக்கிறேன். எதைப் பதியச் சொன்னோமோ அதைத்தான் லாக் பதியும். அதில் இல்லாதது நடக்கவே இல்லை என்று அர்த்தமில்லை. உயிலும் அப்படித்தான். சொத்து யாரிடம் இருந்ததோ அவர் குரல்தான் அதில் கேட்கும். 1882 சட்டம் வரும்வரை இங்கிலாந்தில் திருமணமான பெண், கணவன் சம்மதிக்காமல் பொதுவாக உயில்கூட எழுத முடியாது. ஆக, அந்தக் காலத்துக் குடும்ப ஆவணங்களைப் படிக்கிற யாரும் பாதிக் கதையோடுதான் தொடங்குகிறார்கள். கிளறாமல் விட்டால் அந்தப் பாதியே முழுக்கதை ஆகிவிடும். பெரியவர்களின் வாதத்தில் எனக்கு இடிக்கிற இடம் இதுதான்.

டிக்கன்ஸ் 1860-இல் தமக்கு வந்த கடிதங்களை வீட்டுக்குப் பின்னால் குவித்து எரித்தார். அந்தரங்கத்தைக் காக்கும் உரிமை அவருக்கு உண்டு என்று சொல்லலாம். ஆனால் 1858-இல் பிரிவைப் பற்றித் தம் பத்திரிகையிலேயே அறிக்கை போட்டவர் அவர். மனைவிக்கு மனக்கோளாறு இருந்ததாகச் சொல்லும் அவருடைய கடிதம் நியூயார்க் செய்தித்தாளில் அச்சானது. தன் பக்கத்தை ஊரறியச் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தரங்கம் என்று கதவைச் சாத்தினால் எப்படி?

கேத்தரின் செய்தது வேறு. டிக்கன்ஸ் தனக்கு எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். 1879-இல் இறப்பதற்கு முன் மகள் கேட்டியிடம் கொடுத்து, பிரிட்டிஷ் மியூசியத்தில் சேர்க்கச் சொன்னார். ஒருகாலத்தில் அவர் தன்னை நேசித்தார் என்று உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்பதே காரணம். கேத்தரினிடம் கேட்டதை அண்டைவீட்டு நண்பர் ஒருவர் கடிதங்களில் எழுதியிருந்தார். ஆய்வாளர் ஜான் பொவென் அவற்றை 2019-இல் வெளிக்கொண்டுவந்தார். புத்தி தெளிவாக இருந்த மனைவியை மனநலக் காப்பகத்தில் அடைக்க டிக்கன்ஸ் முயன்றதாக அவை சொல்கின்றன. இன்னொருவர் வழியாக வந்த சாட்சியம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கேத்தரினின் பக்கம் கேட்க 140 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இதுவரை எனக்குக் குழப்பம் இல்லை. எல்லென் விஷயத்தில்தான் தடுமாறுகிறேன். டிக்கன்ஸ் இறந்து ஆறு ஆண்டுகளில் அவர் தன்னைவிட இளையவரான ஓர் ஆசிரியரை மணந்தார். வயதில் பத்தாண்டுகளுக்கும் மேல் குறைத்துச் சொல்லி, பழைய வாழ்க்கையை மூடிவைத்தார். 1914-இல் அவர் இறந்த பிறகு, காகிதங்களைப் பார்த்துத்தான் மகனுக்கு அம்மாவின் கடந்தகாலம் தெரிந்தது. எல்லென் யார்மீதும் அச்சில் பழி போடவில்லை. படியுங்கள் என்று எதையும் விட்டுச்செல்லவும் இல்லை. அன்றைய சமூகத்தில் பிழைக்க அந்த மௌனம் அவருக்குத் தேவைப்பட்டது. ஆனால் அவரைச் சொல்லாமல் கேத்தரினுக்கு நடந்ததைச் சொல்லவே முடியாது. உயிலின் முதல் தொகையே அவருக்குத்தானே!

அதனால் திறக்கலாம் என்றே சொல்வேன், ஒரே அளவுகோலோடு அல்ல. தன் கதையை ஊருக்குச் சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். படிக்கச் சொல்லி ஒப்படைத்தவரைப் படித்தே ஆக வேண்டும். பிழைப்பதற்காக மறைத்தவரிடம், இன்னொருவருக்கு நியாயம் கிடைக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கேட்க வேண்டும். எல்லை எங்கே என்று ஒவ்வொரு தாளிலும் மறுபடி யோசிக்கத்தான் வேண்டியிருக்கும்.

குடும்பப் பெயரைக் காப்பாற்றுவது வாரிசின் கடமை என்பார்கள். அந்தப் பத்துப் பிள்ளைகள் வழியில் வந்த டிக்கன்ஸ் வாரிசுகள் அத்தனை பேரும் கேத்தரினின் வாரிசுகளும்தான். யாருடைய பெயரைக் காப்பது?