கொடுத்தாலும் குறையாத செல்வம்

இறைவன் மனிதனுக்கு அளித்த கொடைகள் இரு வகையின. பங்கிட்டால் குறைவன சில. பங்கிட்டாலும் குறையாதன சில. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகின்ற திருக்காட்டுப்பள்ளியில் வாழ்வோருக்கு முதல் வகையை விளக்க வேண்டியதில்லை. ஓர் ஆற்றின் மதகைச் சற்றே உயர்த்தினால் மற்றோர் ஆற்றில் நீர் தாழும். அறிவோ அத்தகையதன்று. மாணவனுக்குக் கற்பித்ததனால் ஆசிரியரின் கணக்கறிவு தேய்ந்துவிடுவதில்லை. கொடுத்தாலும் குறையாத ஒன்றைக் கொடாமல் வைத்திருப்பவன் அதனை இன்னும் உரிய முறையில் உடைமையாக்கிக் கொள்ளவில்லை என்ற கருத்தைப் புனித அகுஸ்தினார், கிறிஸ்தவப் போதனை பற்றிய தம் நூலின் தொடக்கத்திலேயே முன்வைக்கிறார்.

அப்படியாயின் அறிவுக்கு வேலியிடுவது முறையா? இப்பழைய வினா இன்று உள்ளங்கையளவு மின்பலகை ஒன்றின் வடிவில் நம்முன் வந்து நிற்கிறது.

2012இல் இங்கிலாந்திலிருந்து ‘ராஸ்பெரி பை’ என்னும் ஒற்றைப் பலகைக் கணினி வெளிவந்தது. மாணவர் வாங்கிப் பழகத்தக்க மலிவான கணினி அது. கணக்கிடும், கட்டளையும் இடும். ஆனால் ஒரு மோட்டாரைச் சுழற்றும் வலிமை அதற்கில்லை. அதன் முள் ஒன்று தருவது 3.3 வோல்ட் அழுத்தமும் சில மில்லியாம்பியர் மின்சாரமுமே. மோட்டாரோ ஆம்பியர் கணக்கில் கேட்கிறது. இரண்டையும் நேரே இணைத்தால் கணினி பழுதாகும். எனவே இடையில் ஒரு துணைப் பலகை தேவைப்படுகிறது. அதில் ‘எச்’ எழுத்தின் வடிவில் நான்கு மின்னணுச் சுவிட்சுகள் அமைகின்றன. எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு இயங்கினால் மோட்டார் ஒரு பக்கம் சுழலும். மற்ற இரண்டு இயங்கினால் மறுபக்கம் சுழலும். ஒரே பக்கத்துச் சுவிட்சுகள் இரண்டும் ஒருசேர இயங்கிவிட்டால் ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டுப் பலகை எரியும். மதகுக்காரர் ஆற்றைத் தள்ளுவதில்லை. சக்கரத்தைத் திருப்புகிறார், ஆறு தன் வலிமையால் ஓடுகிறது. இப்பலகையின் பணியும் அத்தகையதே.

இதனை வடிவமைப்பவர் முன் ஓர் அறத்தேர்வு நிற்கிறது. வரைபடத்தைப் பூட்டி வைக்கலாம். அல்லது மின்சுற்று, உதிரிப்பாகங்களின் பட்டியல், செம்புத் தடங்களின் அமைப்பு ஆகிய அனைத்தையும் எவரும் பார்க்கவும் திருத்தவும் செய்து விற்கவும் வெளியிடலாம். 2005இல் இத்தாலியில் தோன்றிய ‘ஆர்டுயினோ’ இரண்டாம் வழியைத் தேர்ந்தது. ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுக்கூடம் 2011இல் இதற்கென்றே ஓர் உரிமத்தை வகுத்தது. இத்தகைய உரிமங்கள் சில ஒரு நிபந்தனை விதிக்கின்றன: பெற்றதைத் திருத்தி வழங்குபவர் தம் திருத்தத்தையும் திறந்தே வைக்க வேண்டும். பெருங்கடன் மன்னிக்கப்பெற்ற பின் சிறுகடனை மன்னிக்க மறுத்த பணியாளனின் உவமையை அறிந்தோருக்கு இந்நிபந்தனையின் நியாயம் எளிதில் விளங்கும்.

உழைப்பாளிக்குக் கூலி வேண்டாமா எனச் சிலர் வினவுவர். வேண்டும், நற்செய்தியும் அதையே சொல்கிறது. வரைபடத்தைத் திறந்து வைப்பது பலகையை விற்பதைத் தடுப்பதில்லை. செம்புக்கும் உழைப்புக்கும் சோதனைக்கும் விலை உண்டு. உடைமை தனியாருடையதாக இருக்கலாம், அதன் பயன் பொதுவாக வேண்டும் என்பது புனித தோமா அக்குவினாரின் படிப்பினை. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1991ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், நிலத்தைப் போலவே தொழில்நுட்ப அறிவும் இக்காலத்தின் உடைமையாகிவிட்டதைச் சுட்டி, அது எட்டாதோர் ஒதுக்கப்படுவதை எச்சரித்தார்.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இளகிய மணலில் அணையை நிறுத்தும் வித்தையை ஆர்தர் காட்டன் கற்றது கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்தே. அவ்வறிவு 1836இல் கொள்ளிடத்தின் மேலணையாயிற்று. 1852இல் நிறைவுற்ற தவளேஸ்வரம் அணையாகிக் கோதாவரிப் படுகைக்கும் சோறிட்டது. அதனால் கல்லணையில் ஒரு கல்லும் குறையவில்லை. நம் நாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் உருவாக்கிய ‘சக்தி’ நுண்செயலியின் வடிவமைப்பும் எவரும் எடுத்தாளத் திறந்தே வைக்கப்பட்டுள்ளது.

ஆயினும் திறந்து வைத்தல் மட்டும் அறமாகிவிடாது. அதற்கு இரண்டு கடமைகள் துணை நிற்க வேண்டும். முதலாவது வாய்மை. பலரும் பயன்படுத்தும் ‘எல் 298’ என்னும் சில்லு, ஒவ்வொரு பாலத்திற்கும் 2 ஆம்பியர் வரை தாங்கக்கூடியது. வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடின்றி அது நீடிக்காது என்பதை மறைத்து, எண்ணை மட்டும் எழுதுபவர் பொய் சொல்லாமலே ஏமாற்றுகிறார். வெளியிட்ட வரைபடத்தை எங்கோ ஓர் ஊரில் ஒருவர் நம்பிச் செய்வார். எரிவது அவருடைய காசு.

இரண்டாவது கடமை மொழி பற்றியது. பூட்டில்லாத கதவாயினும், படியேற இயலாதவனுக்கு அது மூடிய கதவே. வயலோரத்தில் மோட்டார் பழுதுபார்க்கும் இளைஞன், ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்ட விளக்கத்தை வைத்து என்ன செய்வான்? நம் பூண்டி ஆலயத்தோடு மரபு இணைத்துப் பேசும் வீரமாமுனிவர், 1732இல் சதுரகராதியைத் தொகுத்துத் தமிழ்ச் சொற்களின் பொருளை அகர வரிசையில் அடுக்கித் தந்தார். புலவர் நினைவில் இருந்த செல்வம் தேடுவோர் கைக்கு எட்டியது. கற்ற நம் இளைஞர்கள் ஒரு பலகையின் விளக்கத்தையேனும் தெளிந்த தமிழில் எழுதி, அதன் எல்லைகளையும் ஒளிக்காமல் சொல்வார்களாயின், அவர்கள் பெற்ற தாலந்து மண்ணில் புதைக்கப்படவில்லை என்று நாம் மகிழலாம்.